ஏழாம் கதவின் அடிக்கீல்

எத்திராசு கண் விழித்தபோது இடது தோள் கழன்று விழுவதுபோல் நொந்தது. படுத்தபடியே கையைத் தூக்கிப் பார்த்தான். பாதிக்கு மேல் எழவில்லை. மூட்டுக்குள் மணலைக் கொட்டி அரைப்பதுபோல் இருந்தது. இடுப்பு சரியாக இருந்தது. மணிக்கட்டு சரி. குதிகால் இரண்டும் சரி. தோள் மட்டும்தான்.

"மேல்கீல்" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தான்.

டீ போடக்கூட நிற்கவில்லை. கிரீஸ் கன்னையும் கந்தல் துணியையும் சாமான் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து இரும்பு ஏணியில் ஏறினான். ஒற்றைக் கையால் ஏறுவது அவனுக்குப் பழக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. நடுவில் கடலைத் தடுத்து நாலு மாடி உயரத்துக்கு நின்ற ஆறாம் கதவு, அலை மோதும்போதெல்லாம் முனகியது.

கதவைத் தாங்கும் மேல்கீலுக்குக் கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் தலையில் உப்பும் காய்ந்த கிரீஸும் சொறிபோலப் படிந்திருந்தன. துடைத்துவிட்டு, கன்னின் வாயை மாட்டி அழுத்தினான். கிரீஸ் உள்ளே போகாமல் ஓரமாகப் பிதுங்கி விரலில் வழிந்தது. நிப்பிளின் நுனியில் கடுகளவு குண்டு ஒன்று இருக்கும்; அழுத்தினால் உள்ளே போய், விட்டால் திரும்பி வந்து வாயை அடைக்க வேண்டும். ஊசியால் குத்திப் பார்த்தான். அசையவில்லை. கேஸ் டார்ச்சைக் கொளுத்திச் சூடு காட்டினான். உள்ளே கல்லாகிக் கிடந்த பழைய கிரீஸ் இளகிப் புகைந்தது. மறுபடி குத்தினான். டக்கென்று குண்டு அமுங்கியது.

இப்போது கிரீஸ் தடையில்லாமல் இறங்கியது. அழுத்த அழுத்தக் கீலின் விளிம்பிலிருந்து கறுப்புக் கிரீஸ் புழுப்போல நெளிந்து வந்தது. பிறகு பழுப்பு. பிறகு புதுசு. அதே நேரத்தில் அவன் தோளுக்குள்ளும் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது. கை தானாக மேலே எழுந்தது. ஏணியில் தொங்கியபடி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

இடுப்பில் செருகியிருந்த பேச்சுப்பெட்டி கரகரத்தது.

"எத்தி, எழுந்தியாடா?"

ஏழாம் கதவின் பிலோமினா. இந்தக் கடல்சுவரின் காவலில் அவனுக்கு மூத்தவள். ஒவ்வொரு காலையும் அவள் குரலோடுதான் விடிந்தது.

"ஏணி மேல கீறேங்க்கா. தோளு புட்ச்சுக்கிச்சு. இப்ப சரியாயிடுச்சு."

"உனுக்கின்னா, ராசா கதவு. சூடு காட்னா சொன்ன பேச்சு கேக்குது. என்னுது கீதே, சனியன். நேத்துதான் நிப்பிளு மாத்துனேன். இன்னிக்கு மறுபடியும் ஆரமிச்சிடுச்சு."

"அதே அடிக்கீலா?"

"அதேதான். வலது விலாவுக்குக் கீழ. கத்திய உட்டுத் திருப்புறா மாதிரி."

"உன் கதவு கெழவியாயிடுச்சுக்கா. உன்ன மாதிரியே அடங்காது."

"யார்ரா கெழவி? ஞாயித்துக்கெழம எம்பொண்ணு நிச்சயத்துக்குப் பட்டுப்பொடவ கட்டினு போவச்சொல்ல பாரு, கல்யாணப் பொண்ணு யாருன்னு மாப்ள வூட்டுக்காரனுக்கே டவுட்டு வரும்." சிரித்தாள். சிரிப்பு நடுவில் அறுந்தது. கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு ஒரு நாள் என் நோவ வாங்கிக்கிறியா?" என்றாள்.

"இது இன்னா கேள்வி? நானே உனக்குப் பாக்கி."

முன்பெல்லாம் கதவுகளுக்குத் தானியங்கிக் கிரீஸ் குழாய்கள் இருந்தன. கரையில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள். பம்பு கிரீஸ் போட்டேன் என்று சொன்னது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. குழாயின் வாய் உப்பில் அடைத்திருந்ததால் கிரீஸ் போய்ச் சேரவேயில்லை. காய்ந்த கீல் ஒரு புயலன்று இறுகி, நாலாம் கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. கடல் உள்ளே வந்தது. எத்தனை குப்பங்கள் போயின என்பதைக் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் வாரியம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பிலோமினாவின் குப்பம் அதில் ஒன்று. இன்றைக்கும் வற்றுநீரில் கோயில் சிலுவையின் முனை மட்டும் தெரியும்.

அதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. இரைச்சல் தாங்காமல் யாரோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் நிறுத்த முடியாத மணியாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பெயர் நோவிணைப்பு. கதவுக்கு ஒரு ஆள். அவன் பிடரியில் தோலுக்கடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகடு. மேல்கீல் காய்ந்தால் தோள் நோகும். அடிக்கீல் காய்ந்தால் வலது இடுப்பு. உருளைகள் என்றால் குதிகால். கதவை இழுக்கும் வின்ச் என்றால் மணிக்கட்டு. எல்லாக் காவலருக்கும் அதே இடங்கள். கிரீஸ் போய்ச் சேர்ந்தால்தான் நோவு போகும். திரையை ஏமாற்றலாம், தோளை ஏமாற்ற முடியாது என்று வேலைக்கு எடுத்தபோது சொன்னார்கள்.

எத்திராசுக்கு அது புதிதாகப் படவில்லை. அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராத்திரியில் அவர் முதுகில் ஏறி மிதிப்பது அவன் வேலையாக இருந்தது. பிறகு அவன் பொக்லைன் வண்டிக்குக் கிரீஸ் போடப் போனான். உடம்பு நோகாத வேலை என்று ஒன்றை அவன் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. இங்கே நொந்தால் அதற்கு ஒரு நிப்பிள் இருந்தது. அதைச் சரிசெய்தால் நின்றது. அந்த வகையில் இது நல்ல வேலை.

வாரியத்தின் விதி ஒன்றே ஒன்று கடுமையானது. சொந்த நோவு உள்ளவர் கதவில் இருக்கக் கூடாது. இரும்பின் நோவும் உடம்பின் நோவும் கலந்துவிட்டால் கதவை நம்ப முடியாது. மருத்துவர் அவ்வப்போது திரையில் வந்து, "சொந்த நோவு ஏதாவது?" என்று கேட்பார். எல்லாரும் இல்லை என்பார்கள்.

யாராவது கரைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்துக் கதவுக்காரர் நோவை வாங்கிக்கொள்ள வேண்டும். வாரியம் அதைப் பொறுப்பு மாற்றம் என்றது. காவலர்கள் வாங்கிக்கிறது என்றார்கள். நாளுக்கு நாள், நோவுக்கு நோவு. அதுதான் அவர்கள் கணக்கு. ஐந்தாம் கதவுச் சம்பந்தம் ஒருமுறை, கடல் குளம்போலக் கிடந்த நாளாகப் பார்த்து எத்திராசின் கதவை வாங்கி, ஒரு சின்ன நோவுகூட இல்லாமல் தூங்கி எழுந்து, "கணக்கு தீந்துச்சு" என்றான். சுவர் முழுக்கப் பெட்டியில் சிரித்தது. "மாமியா வூட்டுக்குப் போனா மாதிரி பட்த்துக் கெடந்துட்டு தீந்துச்சாம்ல" என்று பிலோமினா கிண்டினாள். நோவு வராத நாள் கணக்கில் சேராது. சம்பந்தம் இன்னொரு நாள் வாங்கித்தான் கடனைத் தீர்த்தான்.

எத்திராசின் கடன் வேறு மாதிரி. அவன் தம்பி தணிகாசலம் கன்டெய்னருக்கு அடியில் நசுங்கிச் செத்தபோது பிலோமினாதான் அவன் கதவை வாங்கினாள். அன்றைக்குக் கடல் கொதித்தது. கதவுகள் ஓயாமல் திறந்து மூடின. இரண்டு கதவின் நோவும் ஒரே உடம்பில். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் தவழ்ந்து போய் இரண்டு கதவுக்கும் கிரீஸ் போட்டாள் என்று சம்பந்தம் பின்னால் சொன்னான். திரும்பி வந்த எத்திராசிடம் அவள், "மொட்ட நல்லாதான்டா கீது உனக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை இருவரும் இரண்டு கதவுக்கும் நடுவே நடைபாலத்தில் இருக்கும், நோவை மாற்றும் மாற்றுப்பெட்டிக்கு வந்தார்கள். பிலோமினா பட்டுப்புடவையில் இருந்தாள், கொண்டையில் கனகாம்பரம். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. குரலை நாள்தோறும் கேட்டும் முகத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டது அவனுக்கு.

"இன்னாக்கா இப்டி எளச்சிட்ட?"

"கல்யாணச் செலவுடா. மொறைக்காத, திரும்பு."

பெட்டியின் இரு பக்கமும் முதுகைக் காட்டி நின்று, பிடரியை அதன் தகட்டில் சாய்த்தார்கள். இடையில் ஒரு சாண் இரும்பு. அவள் மூச்சு விடுவது முதுகில் தெரிந்தது. மனித உடம்பு ஒன்று இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கு நினைவில்லை. பெட்டி டிக்கென்றது.

"அப்பாடா. ஒடம்பே பஞ்சாயிடுச்சு" என்றாள். பிறகு விலாவுக்குக் கீழே கையை வைத்து, "இது மட்டும் ஒட்டிக்கினு கீது" என்றாள்.

அது எல்லாருக்கும் உண்டு. படகை விட்டு இறங்கிய பிறகும் தரை ஆடுவதுபோல, மாற்றிக் கொடுத்த பிறகும் நோவு கொஞ்ச நேரம் ஒட்டியிருக்கும்.

"கரைக்குப் போறதுக்குள்ள போயிடும். போய்ட்டு வாக்கா."

"எல்லாக் கீலுக்கும் நேத்தே குடிக்கக் குடிக்க கிரீஸ் போட்டுட்டேன். உனக்குத் தொந்தரவு இருக்காது. அடிக்கீலு மட்டும் பாத்துக்கடா. மத்தியானத்துக்குள்ள குத்த ஆரமிச்சிடும். நிப்பிளு வச்சிருக்கேன், ரூமுல."

படகு அவளை ஏற்றிக்கொண்டு கழியில் சின்னதாகிப் போனது.

எத்திராசு காத்திருந்தான். சோறு வடித்தான். கருவாட்டைச் சுட்டான். வலது இடுப்பைக் கையால் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. கடல் அமைதியாகக் கிடந்தது. வெயில் உச்சிக்கு வந்தது, ஒன்றுமில்லை. சாய்ந்தது, அப்போதும் ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ, மாற்றுப்பெட்டி சரியாக மாற்றவில்லையோ என்று பயம் வந்தது. அறையிலிருந்த விசையை அழுத்தி ஏழாம் கதவின் வின்ச்சைச் சும்மா ஒரு பல் சுற்றவிட்டான். உடனே மணிக்கட்டில் சின்ன இழுப்பு. இணைப்பு சரியாகத்தான் இருந்தது.

சாமான் பையை எடுத்துக்கொண்டு நடைபாலத்தைக் கடந்து ஏழாம் கதவுக்குப் போனான்.

அடிக்கீல் தண்ணீருக்கடியில் இருக்கும். அதற்குக் கிரீஸ் போகும் குழாயின் வாய் கீழ்த்தட்டில் இருந்தது, பழைய கிரீஸ் திரும்பி வரும் குழாய் அதன் பக்கத்தில். எத்திராசு மண்டியிட்டுப் பார்த்தான். நிப்பிள் பளபளவென்று புதுசாக இருந்தது. வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியதாக இருந்தது. உற்றுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கழற்றிக் கழற்றி மாட்டியதில் துளையின் திருகுமரை தேய்ந்துபோய், துளையை அகலமாக்கிப் பெரிய மரை வெட்டியிருந்தாள். அதுவும் தேயத் தொடங்கியிருந்தது.

கன்னை மாட்டி அழுத்தினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கிரீஸ் போனது. திரும்பி வரும் குழாயிலிருந்து உடனே கிரீஸ் வந்தது. கறுப்பு இல்லை. பழுப்புகூட இல்லை. போட்ட நிறத்திலேயே, தேன்போல வந்தது. இவ்வளவு சுத்தமான கீலை அவன் பார்த்ததேயில்லை.

அவள் அறைக்குள் போனான். கதவில்லாத அலமாரியில் மாதா படம், இரண்டு தட்டு, ஒரு டம்ளர். கட்டிலில் வெந்நீர்ப் பை கிடந்தது. விலாவுக்கு முட்டுக் கொடுத்துப் படுத்ததில் தலையணை ஒன்று நடுவில் குழிந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு பிஸ்கட் டின். புது நிப்பிள் அதில்தான் இருக்கும் என்று திறந்தான். கழற்றிப்போட்ட பழைய நிப்பிள்கள் டின் நிறைய இருந்தன. சில பித்தளை. அவை அவன் தன் பங்கிலிருந்து சாமான் படகில் கொடுத்தனுப்பியவை. "மாத்துக்கா, மாத்திப் பாரு" என்று அவன்தான் பெட்டியில் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

ஒன்றை எடுத்து ஊசியால் குத்தினான். குண்டு அமுங்கி எழுந்தது. இன்னொன்று, அதுவும் அமுங்கியது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து டின்னில் இருந்த அத்தனையையும் குத்திப் பார்த்தான். ஒன்றுகூட அடைத்திருக்கவில்லை.

வலது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தான். ஒரு சின்ன வலியாவது வராதா என்று இருந்தது.

திங்கள் காலைப் படகில் அவள் வந்தாள். மாற்றுப்பெட்டியருகே நின்று மூச்சு வாங்கினாள். கையில் நிச்சயத்துப் பலகாரம், வாழையிலையில் கட்டியது.

"மாப்ள வூட்டுக்காரங்க எப்டிக்கா?"

"நல்ல ஜனம். பையன் கொஞ்சம் ஊமக்குசும்பு. எம்பொண்ணு பாத்துப்பா." பலகாரத்தை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கியும் அவள் கையை விடவில்லை. "எத்தி, கரையிலயும் வலிச்சுதுடா."

அவன் பார்வை அவள் விலாப் பக்கம் போனது.

"ராத்திரியெல்லாம். இவ்ளோ நாளு ஒட்டிக்கினது ஒரு நாள்ல போவாது இல்ல? அப்டித்தான இருக்கும்?" அவன் முகத்தையே பார்த்தாள். "சொல்லு. அடிக்கீலு உன்ன ரொம்ப படுத்துச்சா?"

ஆமாம் என்றால் போதும். அவள் திரும்பி நின்று பிடரியைச் சாய்ப்பாள். நாளைக் காலையில் பேச்சுப்பெட்டி கரகரக்கும். எழுந்தியாடா என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் அவள் இந்தப் படகிலேயே போக வேண்டியிருக்கும். பிறகு காலையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் வாயில் அந்த ஆமாம் வந்து நின்றது.

"படுத்துச்சுன்னு சொல்லேன்டா" என்றாள் மெதுவாக. "எனுக்கு அங்க இடமில்ல. பொண்ணு வூட்டுல ஒரு மூலையில குந்திக்கினு இருக்கணும். இங்கயிருந்தா அந்தச் சிலுவையாவது தெரியுது."

"இல்லக்கா" என்றான். "சும்மா கெடந்துது. ஒண்ணுமே வரல. நானே போய்ப் பாத்தேன், கிரீஸ் தேனாட்டம் வருது. உன் டின்னுல கீற நிப்பிளு எல்லாம் நல்ல நிப்பிளு. உன் கதவுல நோவு இல்ல."

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எல்லாமே நல்லதா?"

"எல்லாமே."

"எவ்ளோ கிரீஸ வேஸ்ட் பண்ணியிருக்கேன் பாரு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு நடைபாலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்திராசுதான் பேச்சுப்பெட்டியில் வாரியத்தைக் கூப்பிட்டு, ஏழாம் கதவுக்காரருக்குச் சொந்த நோவு என்று சொன்னான். படகுக்காரனைக் காத்திருக்கச் சொன்னான். கைத்தாங்கலாக அவளை இறக்கிவிட்டபோது அவள் எடை ஒரு சாமான் பை அளவுக்குத்தான் இருந்தது.

"அலமாரில மாதா படம் கீது. தண்ணி படாம பாத்துக்க" என்றாள்.

ஆள் கிடைக்கும்வரை ஏழாம் கதவையும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று வாரியம் சொல்லிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவே அவன் போய் வந்துகொண்டிருந்தான். காலையில் பெட்டி பேசாமல் கிடந்தது. சில நாள் அவனே அழுத்திப் பிடித்து ஏழு என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு விட்டுவிடுவான்.

அவள் மகளிடமிருந்து சேதி வந்தது. ஈரலில் கட்டி. முன்னாலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம். இப்போது வலிக்கு மருந்து கொடுக்கிறார்கள். மருந்து பாதி நாளுக்குத்தான் நிற்கிறது.

அன்றைக்கு அவன் வாரியத்தின் பொறியாளர் தமயந்தியைத் திரையில் கூப்பிட்டான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மேடம், பிலோமினாக்காவுக்கும் பிடரியில தகடு கீது. எனக்கும் கீது. அவங்க நோவ ஒரு நாள் என் பக்கம் மாத்த முடியுமா? ஒரே ஒரு நாள்."

"அது முடியாதுங்க. இரும்புலேருந்து ஆளுக்கு வர்ற மாதிரிதான் தகடு செஞ்சிருக்கோம்."

"ஆளுலேருந்து ஆளுக்கு?"

"அப்படி ஒண்ணு செய்யவேயில்ல." சற்று யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "செய்யணும்னு யாரும் கேக்கல."

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் அவன் வலது இடுப்பு நொந்தது. கனமான, மந்தமான நோவு. கத்தி குத்தல் இல்லை. ஓடினான். ஏழாம் கதவின் அடிக்கீல்தான். நிப்பிளின் வாயில் உப்பு அடைத்திருந்தது. அவள் மரை வெட்டிய துளையில் நிப்பிள் ஆடியது. டின்னிலிருந்து பித்தளை ஒன்றை எடுத்து, மரையில் நூல் சுற்றி இறுக்கிப் போட்டான். கறுப்புக் கிரீஸ் வந்தது. நோவு போனது. போயிருக்க வேண்டாம் என்று இருந்தது.

சம்பந்தம் பெட்டியில் வந்தான். "ஏழாம் கதவுலயாப்பா கீற?"

"ஆமா."

"பிலோக்காவுக்கு நீ ஒரு நாள் வாங்கினல்ல, நிச்சயத்தன்னிக்கு. உன் கணக்கு தீந்துச்சுப்பா. சும்மா மனச உட்டுக்காத."

"அன்னிக்கு நோவே வரல, சம்பந்தம்."

சம்பந்தம் கனைத்துக்கொண்டான்.

"அப்ப தீரல" என்றான்.

எத்திராசு கன்னைத் துடைத்து வைத்தான். பிலோமினா கரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். அவளுக்கு அவன் ஒரு நாள் நோவு பாக்கி.